அலகு நுனியில் சேறு

எங்களோடு சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்காமல் போய்விட்டது. இன்றுவரை பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் அவரைப் புகழ்வதுபோலத் தெரிந்தால், அது நடந்த காரியத்தின் கோளாறு. என் மனம் மாறிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்போது நாங்கள் மூன்று பேர்தான். தர்மபுரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான். ஊரில் எல்லோருக்கும் நான் ‘கண்ணாடி பாய்’. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கும் மாதையன் சார். பாலக்கோட்டில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் தனபால். ஞாயிறு காலையில் ஏதாவது ஓர் ஏரிக்குப் போவோம். பறவை பார்ப்போம். கரையில் உட்கார்ந்து, சார் வீட்டிலிருந்து வரும் இட்லியைச் சாப்பிடுவோம். வீடு திரும்பியதும் பார்த்த பறவைகளைப் பட்டியல் போட்டு இணையத்தில் ஏற்றுவோம். பட்டியலில் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கும். அதைப் பற்றி எங்களில் யாரும் கவலைப்பட்டதில்லை.

அந்த அம்மா தாலுகா ஆபீசில் சர்வேயர். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, காலில் கான்வாஸ் ஷூ, தலையில் தொப்பி. ஏரிக்கரையில் தனியாக நின்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தவரை, "எங்களோட வாங்களேம்மா" என்று கூப்பிட்டது மாதையன் சார்தான். அந்த ஒரு காரியத்துக்காக சாரைப் பலமுறை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

அன்றைக்குத் தனபால் தன் வழக்கப்படி, "நாமக்கோழி நாப்பது போட்டுக்கலாங்களா சார்?" என்று கேட்டான்.

"யார் எண்ணினது?" என்றார் அந்த அம்மா.

"சுமாரா நாப்பது இருக்குங்க."

"சுமாரான்னா? எண்ணினீங்களா, இல்லையா?"

தனபால் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்க் கரையில் நின்று எண்ண ஆரம்பித்தார். நாமக்கோழி முங்கி முங்கி எழும் பறவை. ஒன்று மேலே வரும்போது இன்னொன்று உள்ளே போகும். அரை மணி நேரம் வெயிலில் நின்று மூன்று தடவை எண்ணினார். இட்லி ஆறிப்போயிற்று. திரும்பி வந்து, "இருபத்தேழு" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அவருடைய குணம் அதுதான். வேறு ஒன்றும் இல்லை. அவர் வாயிலிருந்து ‘இருக்கலாம்’ என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அடுத்தவர் வாயில் வந்தாலும் அதை அப்படியே தொண்டைக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்.

சித்தேரி மலைக்குப் போன ஒரு காலையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தினை போட்டிருந்த ஒரு கொல்லையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். காலடியிலிருந்து ஒரு பறவை சட்டென்று கிளம்பிக் காட்டுக்குள் பாய்ந்தது. பச்சை மின்னல் மாதிரி. ஓடிப்போய், "மரகதப்புறா! மரகதப்புறா பாத்தேன்!" என்றேன்.

"எதை வெச்சு சொல்றீங்க பாய்?"

"பச்சையா இருந்துச்சுங்க."

"முதுகு பச்சையா, றெக்கை பச்சையா?"

"அது... சட்டுனு பறந்துடுச்சே."

"அலகு என்ன கலர்?"

"அலகு பாக்கலைங்க."

"அப்ப, பச்சையா ஒண்ணு பறந்துச்சுன்னு எழுதிக்கங்க."

சாரும் தனபாலும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஐம்பது வயதில், பேரன் எடுத்தவன், காட்டுக்குள் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றேன். அது மரகதப்புறாதான். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் எழுத முடியவில்லை. அந்த அம்மா பட்டியலைப் பார்த்துவிடுவார் என்ற பயம்.

மாரண்டஹள்ளிப் பக்கம் என் நண்பர் ஒருவருக்கு நிலம் இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டார் என்று பத்து வருடச் சண்டை. நண்பர் சர்வேக்கு மனுப் போட்டார். அளக்க வரப்போவது எங்கள் சர்வேயர் அம்மா என்று தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்த அம்மாவிடம் போய், "நம்ம ஆளுதாங்க, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்றேன்.

"பாத்துத்தான் பாய் செய்வேன். பாக்காம செஞ்சாத்தான் தப்பு வரும்" என்றார்.

அளந்தார். அளவுக் கல் என் நண்பரின் நிலத்துக்குள்ளேயே மூன்றடி தள்ளி விழுந்தது. அவருடைய மோட்டார் ரூம் பாதி பக்கத்து நிலத்தில் நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் சந்தோஷத்தில் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா அதைத் தொடவில்லை. "உங்க வேலி அந்தக் கடைசியில வாய்க்கால் பொறம்போக்குல ரெண்டடி உள்ள போயிருக்கு. அதையும் எழுதியிருக்கேன்" என்றார். இரண்டு பேரும் ஒன்றாக நின்று அவரைத் திட்டினார்கள். பத்து வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். அந்த அம்மா செயினைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நண்பர் அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வரவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். நான் அவரை வெறுக்கக் காரணமானது கோடியக்கரைப் பயணம்.

அதற்கு முன்னால் மாதையன் சாரின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஆடியில் சார் கடைக்கு வந்து, அடிக்கடி கதவு நிலையில் தோள் இடிக்கிறது என்றார். பரிசோதித்துப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் வந்து சேலத்துக்கு அனுப்பினேன். கண் அழுத்த நோய். நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரியும். பக்கவாட்டுப் பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வரும். இடது பக்கம் ஏற்கெனவே நிறையப் போயிருந்தது. சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்; போனது வராது.

"கார் ஓட்டறதை விடச் சொல்றாரு டாக்டரு" என்றார் சார். "விட்டுட்டா நான் ஏரிக்கு எப்படிப் போறது? பாய், இது உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும். வூட்டுல தெரிஞ்சா சாவியப் புடுங்கிக்குவாங்க."

நான், "மெதுவா ஓட்டுங்க சார்" என்றேன். கண்ணாடிக் கடைக்காரன் சொன்ன வார்த்தை இது.

அன்றிலிருந்து சார் காரில் நான் எப்போதும் முன்சீட்டில், அவருக்கு இடப்பக்கம் உட்காருவேன். "சார், சைக்கிள்", "சார், ஆடு" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே வருவேன். சாரின் இடது கண் நான்தான். தனபாலுக்குக்கூட அது தெரியாது. நான் வயதுக்கு மரியாதை எதிர்பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சாருக்கு ஓர் ஆசை இருந்தது. கரண்டிவாய் உள்ளான் என்று ஒரு பறவை. சிட்டுக்குருவி அளவுதான். அலகின் நுனி மட்டும் குட்டிக் கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும். வடக்கே பனிப் பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வரும். உலகத்திலேயே மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. எப்போதோ கோடியக்கரைப் பக்கம் வந்ததாகச் சொல்வார்கள். "கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும் பாய்" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஐப்பசியில் கிளம்பினோம். சாரின் கார். நாங்கள் மூன்று பேரும், அந்த அம்மாவும்.

சனிக்கிழமை மாலை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தோம். ஞாயிறு விடியும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. லாட்ஜிலிருந்து இறங்கி வருவதற்குள் அந்த அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். "ரோட்டோரத்துல இருக்கிறதை எண்ணிக்கிட்டு வரேன்" என்றார். காரணம் சொல்லி எழுப்ப எனக்கு வாய் வரவில்லை. பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். மழைத் தண்ணீர் நிற்கும் பாத்திகளில் வானம் கிடந்தது. ஒரு பக்கம் வெயில், இன்னொரு பக்கம் கடல்மேல் கறுத்த மேகம். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். காரின் இடப்பக்கக் கண்ணாடி மடங்கித் தொங்கியது. சைக்கிளில் வலை மூட்டை வைத்துக்கொண்டு போன ஒரு மீன்காரர் ஓரத்துச் சகதியில் விழுந்து கிடந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினோம். முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. "பாத்து ஓட்டக் கூடாதா சார்?" என்றார் அவர், கோபம்கூட இல்லாமல்.

"நீங்கதாங்க உள்ள வந்துட்டீங்க" என்றார் சார். அவர் முகம் வெளுத்திருந்தது.

அந்த அம்மா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை சார். அவர் டயர் தடம் பூரா மண்ணுலதான் இருக்கு. தார்ல ஏறவே இல்லை. நம்ம டயர்தான் மண்ணுல இறங்கியிருக்கு. பாருங்க" என்றார்.

சார் பார்க்கவில்லை. மீன்காரர் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போனார். மீதித் தூரத்தைச் சார் மிகவும் மெதுவாக ஓட்டினார். நான் பின்சீட்டிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டே வந்தேன்.

உப்பளத்துக் கடைசியில் வாட்ச்மேனின் தகரக் கொட்டகை. அதற்கு அப்பால் சேற்று வெளி. அதற்கும் அப்பால் கடல். மழைக்காலமானதால் உப்பு வேலை நின்றுபோய், பறவைகளைத் தவிர அங்கே யாரும் இல்லை. தூரத்தில் பூநாரைகள் ரோஸ் நிறக் கோடு இழுத்ததுபோல நின்றன. பக்கத்தில், சேற்றுக்கே உயிர் வந்து அசைவதுபோல ஆயிரக்கணக்கில் கொசு உள்ளான்கள். குருவி அளவுப் பறவைகள். தலையைத் தூக்காமல் சேற்றைக் கொத்திக்கொண்டே ஓடின. காலையில் நடந்தது கொஞ்சம் மறந்தது. சார் தன் டெலஸ்கோப்பை நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு முறை இடப்பக்கத்திலிருந்து பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. அந்தப் பக்கத்துக் கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் எழும்பியது. கடல் அலை கரையில் அடித்ததுபோல அப்படி ஓர் இரைச்சல். தனபால் "யப்பா!" என்று கத்தினான். நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூட்டம் வானத்தில் திரும்பித் திரும்பி வெள்ளையும் கறுப்புமாக மாறி மறுபடி இறங்கியது.

பத்து மணி இருக்கும். மேகம் தலைக்குமேல் வந்துவிட்டது. சார் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாய்... பாய்..." என்றார். "கரண்டிவாய். அலகு நுனி... கரண்டி. கரண்டிதான் பாய்!"

நான் ஓடிப்போய்க் குனிவதற்குள் மழை கொட்டியது. லென்ஸில் தண்ணீர். வெளியெல்லாம் வெள்ளைத் திரை. ஒன்றும் தெரியவில்லை. சார் என்னைக் கட்டிக்கொண்டார். ஐம்பத்தேழு வயது மனிதர், மழையில் அழுதார். நாங்கள் கொட்டகைக்குள் ஓடினோம். வாட்ச்மேன் ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

அந்த அம்மா தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு, "எத்தனை நேரம் பாத்தீங்க சார்?" என்றார்.

"ஒரு நிமிஷம் இருக்கும்மா."

"வேற யார் பாத்தது?"

தனபால் இல்லை என்று தலையை ஆட்டினான். சார் என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வேறு என்ன சொல்ல முடியும்?

"நான் பாத்தேங்க" என்றேன்.

"மழைக்கு முன்னாடியா?"

"ஆமாங்க. ஒரு செகண்டு."

"அலகு?"

"நுனி அகலமா இருந்துச்சுங்க."

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். நில அளவுக் கல்லைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. நட்ட இடத்தில் நிற்கிறதா, யாராவது பிடுங்கி நட்டிருக்கிறார்களா என்று. பிறகு, "கூட்டம் மழையில கிளம்பாது. அங்கதான் இருக்கும். பாத்துட்டு வரேன்" என்று பையிலிருந்த சின்னக் கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"அம்மா, இடி இடிக்குது. உள்ள போனா கால் பொதையும்" என்றார் வாட்ச்மேன்.

"ஓரமாத்தான் போவேன்."

தனபால் கொஞ்ச தூரம் கூடப் போய்விட்டு, ஒரு மின்னல் வெட்டியதும் திரும்பி ஓடி வந்துவிட்டான். "அந்தம்மாவுக்குக் கிறுக்குங்க சார். ஒரு மனுசன் சந்தோஷமா இருந்தா பொறுக்கலை" என்றான். அதைத்தான் நானும் நினைத்தேன். அந்த மழையில், அந்த அம்மாவுக்கு அந்தப் பறவை கிடைக்கக் கூடாது என்று படைத்தவனிடம் வேண்டிக்கொண்டேன். இடி விழட்டும் என்று வேண்டவில்லை. ஆனால் என் மனசு அதிலிருந்து வெகு தூரத்திலும் இல்லை.

மழை நின்றது. வெயில் அடித்தது. மறுபடி தூறியது. ஒன்றரை மணி நேரம் ஆனபிறகு வாட்ச்மேன் எழுந்து ஒரு பலகையை எடுத்துக்கொண்டு போனார். தூரத்தில் அந்த அம்மா தொடை வரைக்கும் புதைந்து நிற்பது தெரிந்தது. கைகள் இரண்டும் தலைக்கு மேலே. கேமரா நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தார். பலகையைப் போட்டு வாட்ச்மேன் இழுத்து எடுத்தார். ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது. கிளிஞ்சல் கிழித்துக் காலில் ரத்தம்.

கொட்டகைக்குள் வந்து கேமராவைச் சாரிடம் நீட்டினார். மூன்று படங்கள். முதல் படத்தில் ஒரு சின்னப் பறவை, அலகு நுனியில் உருண்டையாக ஏதோ. இரண்டாவதில் அது குட்டையில் அலகை முக்கியிருந்தது. மூன்றாவதில் அலகு ஊசி மாதிரி மெல்லிசு.

"சேறு" என்றார். "கொசு உள்ளான்தான். அலகு நுனியில சேறு ஒட்டியிருந்துச்சு. கழுவிக்கிச்சு."

சார் மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்கு நேர்ப் பார்வை நன்றாகவே இருந்தது. "ம். சரிதான்" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். என்னை அவர் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள்.

"சார், இந்தத் தப்பு யாருக்கும் வரும். நானும்தான் முதல்ல ஏமாந்தேன்" என்றார் அந்த அம்மா. "வேற ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. நேரா தனபாலை மட்டும் பாருங்க. என் கையில எத்தனை விரல் இருக்கு?"

சார் தனபாலைப் பார்த்தபடி, "எந்தக் கையில?" என்றார்.

அந்த அம்மா அவருக்கு இடப்பக்கம், இரண்டடி தூரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த அம்மா கையை இறக்கினார்.

"காலைல அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய கூட்டம் எழும்புச்சு. சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினோம். நீங்களும் திரும்பினீங்க, கொஞ்சம். ஆனா எங்க பாக்கறதுன்னு உங்களுக்குத் தெரியலை. தேடினீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாய், உங்க தொழில் இது. உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

சார்தான், "அவனை ஒண்ணும் கேக்காதீங்க. நான்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றார். அப்படிச் சொன்னதிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதுபோல ஆயிற்று.

"சாவியக் குடுங்க சார். நான் ஓட்டறேன்."

"இது என் வண்டிம்மா."

"வண்டி உங்களுதுதான். ரோடு உங்களுது இல்லை. அந்த மீன்காரர் இன்னும் கொஞ்சம் உள்ள வந்திருந்தா?"

தனபால், "மேடம், பெரியவர்கிட்ட இப்படியா பேசறது?" என்று எகிறினான். அவர் அவனைப் பார்க்கக்கூட இல்லை. கையை நீட்டியபடி நின்றுகொண்டே இருந்தார். கை நிறையச் சேறு. சார் சாவியை அந்தக் கையில் வைக்கவில்லை. பெஞ்சின்மேல் வைத்துவிட்டு வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்றார். அந்த அம்மா அதை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே ஷூவோடு அவர்தான் ஓட்டினார். வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. தனபால் முன்சீட்டில் தூங்குவதுபோல நடித்தான். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் சார் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "நீ நெசமாவே பாத்தியா?"

"மழையில சரியாத் தெரியலைங்க சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தம்மா எனக்கு யாரோ. அவ சொன்னா தாங்கிக்குவேன். நீ ஏம்பா அப்படிச் சொன்னே? கண்ணு போயிட்டிருக்கிற ஒருத்தன்கிட்ட, இல்லாததைப் பாத்தேன்னு ஏன் சொன்னே?"

தஞ்சாவூரில் டீ குடிக்க நிறுத்தியபோது கிளட்சுக்குக் கீழே மிதியடியில் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்தேன். கிழிந்த காலாலேயே அந்த அம்மா அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார். துணி வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. அவரும் காட்டிக்கொள்ளவில்லை. தன் டீயை நின்றபடி குடித்தார்.

தர்மபுரி வந்ததும் அவர் சாரின் வீட்டுக்குள்ளேயே போய், சாரின் மனைவியிடம் சாவியைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். நான்கே வாக்கியம். சாரின் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு முடிந்தன. காரை விற்றுவிட்டார்கள். சார் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகிறார். என் கடைக்கு வருவதில்லை. வழியில் பார்த்தால், "நல்லா இருக்கியா பாய்?" என்பார். நிற்க மாட்டார். தனபால் கல்யாண ஆல்பத்தோடு நின்றுகொண்டான். கடத்தூர்ப் பக்கம் ஓர் ஏரியில் அந்த அம்மா தனியாக நின்று எண்ணிக்கொண்டிருந்ததாக யாரோ சொன்னார்கள். வீட்டில் என் மனைவி ஒரு தடவை, "அந்தம்மா ஓட்டலைன்னா அன்னைக்கு யாருங்க ஓட்டியிருப்பா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அந்த அம்மா அன்று கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தால் சாருக்கு ஒரு பறவை இருந்திருக்கும், எனக்கு ஒரு நண்பர் இருந்திருப்பார் என்று இப்போதும் தோன்றும். அந்த மீன்காரரைப் பற்றி நினைப்பு வரும்போது அந்தக் கணக்கு உதைக்கும். அதனால் அவரை நினைக்காமல் இருக்கப் பார்ப்பேன்.

போன வருடம் மாற்றல் உத்தரவு வந்து ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் அந்த அம்மா கடைக்கு வந்தார். படிக்கும்போது எழுத்து கலங்குகிறதாம். ஊரில் வேறு கடையா இல்லை? ஆனால் வந்து பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா, இது நல்லாருக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் என் முகத்தைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அவர், "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். நான் அவசரமாக முடித்தேன். அவர் சீக்கிரம் எழுந்து போனால் போதும் என்று இருந்தது.

மூன்றாம் நாள் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். தெருவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இடது கண்ணு சரியில்லை" என்றார்.

"புதுக் கண்ணாடி அப்படித்தாங்க இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்." இருபத்தைந்து வருடமாக எல்லோரிடமும் சொல்வதுதான்.

"பழகாது. மறுபடி பாருங்க."

"நான் பாத்துத்தாங்க போட்டிருக்கேன்."

"சரி. இன்னொரு தடவை பாருங்க."

நாற்காலியை விட்டு எழவில்லை. மற்ற வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கண்ணாடியை வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்தேன். இடது லென்ஸை ஃபிரேமில் பொருத்தும்போது இருக்க வேண்டிய கோணத்திலிருந்து பத்து டிகிரி திருப்பிப் பொருத்தியிருந்தேன். என் கையால் செய்தது. வேறு யார்மேலும் போட முடியாது.

"ஆமாங்க, தப்பா இருக்கு" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்பாவது வரும், அதைப் பிடித்துக்கொண்டு அவரை இன்னும் நன்றாக வெறுக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை. வேறு லென்ஸ் வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நன்றி சொல்லவில்லை. நானும் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல், அந்த மாதம் நான் செய்து கொடுத்த கண்ணாடிகளின் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். சந்தேகமாகப் பட்டவர்களை வரச் சொல்லி, அவர்கள் கண்ணாடிகளை வாங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு தப்பாக இருந்தன. ஒன்று ஒரு பஸ் டிரைவருடையது. இன்னொன்று பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவுடையது. இருவரிடமும் விஷயத்தைச் சொல்லி, வேறு லென்ஸ் மாற்றித் தருகிறேன் என்றேன்.

"பரவால்லை பாய்," என்றார்கள் இருவருமே, "பழகிடுச்சு."